ஐந்தாம் எண் கூண்டும் ஒரு வெள்ளிக்கிழமைக் கல்யாணமும்

புதுச்சேரித் துறைமுகத்துக்கு இப்போது கப்பல்கள் அதிகம் வருவதில்லை. ஆனாலும் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வலுப்பெற்றால், அங்கே கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியாக வேண்டும். அந்தக் கயிற்றை இழுப்பவர்களில் ஒருவர் லூர்துநாதன். துறைமுகத்தை ஒட்டிய உப்பளம் பகுதியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை தள்ளாடத் தொடங்கிய காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகன், அந்தப் பக்கமே போகாமல் துறைமுகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானார். தெருவில் அவருக்குக் கூண்டு லூர்து என்று பெயர்.

கூண்டு என்றால் பறவைக்கூண்டு போன்றதல்ல. இரும்பு வளையங்களின் மேல் கறுப்புத் துணி போர்த்திய உருளைகளும் கூம்புகளும். வானிலை அலுவலகத்திலிருந்து செய்தி வரும். எத்தனையாம் எண் என்று அதில் இருக்கும். அந்த எண்ணுக்குரிய உருவங்களைக் கோத்துக் கம்பத்தில் ஏற்ற வேண்டும். இருட்டிய பின் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மழைக்காலம் தொடங்குமுன் லூர்துநாதன் துணிகளைப் பிரித்துப் பார்த்து, கிழிந்ததைத் தைத்து, துருவைச் சுரண்டி வர்ணம் அடித்து வைப்பார். கூண்டு ஏறிய பிறகு தாமதமாக வந்துசேரும் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், ஒரு தடவை இறக்கி மறுபடி ஏற்றுங்கள் என்று கெஞ்சுவதுண்டு. அவர் மறுத்துவிடுவார். இறக்குவதும் ஒரு செய்திதான், கடலில் இருப்பவன் அதையும் பார்ப்பான் என்பது அவர் கணக்கு.

இந்த வேலையில் இருப்பவருக்குப் புயலைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரியும் என்று ஊர் நினைத்தது. மழைக்காலத்தில் அவருடைய போன் ஓயாது. நெல்லித்தோப்பில் மாடிக்குத் தளம் போடுகிறவர், நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர், மகளின் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வருமா, வராதா? எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார். இன்ன எண் ஏற்றியிருக்கிறோம், மீதியை டிவியில் பாருங்கள். இதை ஞானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாதி அது வேலைப் பழக்கம். மீதி பேச்சில் சோம்பல். வீட்டிலும் அப்படியே. அவர் மனைவி ஆரோக்கியம் இதைப் பற்றிச் சொல்வது: "வீட்டுக்குள்ள தண்ணி வந்து கட்டிலு மெதந்தாலும், ஆபீஸ்லேர்ந்து பேப்பர் வந்தாத்தான் இவரு எழுந்து உக்காருவாரு."

மகள் பெனிஷாவின் கல்யாணம் நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஜெர்ரி, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவன். சொந்த ஊர் வில்லியனூர். அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு காரணம் இருந்தது. மறுநாள் ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்திய அந்த நான்கு வாரமும் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஜெர்ரியைக் கம்பெனி டிசம்பர் நடுவில் குஜராத்துக்கு அனுப்புகிறது. அங்கே புதிதாகத் தொடங்கும் ஆலையில் ஒரு வருடம் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போனால் குடும்பத்தோடு தங்க வீடு உண்டு. இல்லையென்றால் அவன் மட்டும் போவான், கல்யாணம் அடுத்த வருடத்துக்குப் போகும். யாருக்காவது தடை உண்டா என்று கேட்கும் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறும் கோயிலில் வாசித்தாயிற்று. மண்டபம், சமையல், பூ எல்லாம் பேசியாயிற்று.

கல்யாண வாரத்தின் திங்கட்கிழமை லூர்துநாதன் ஒன்றாம் எண்ணை ஏற்றினார்.

அந்தப் புயலைப் போல ஒன்றை அவர் கண்டதில்லை என்று சொன்னால் அது மிகை. எல்லாப் புயலும் ஓரளவு அப்படித்தான். ஆனால் இது மிகவும் மெதுவாக நடந்தது. திங்களன்று, வியாழன் காலை காரைக்காலுக்குத் தெற்கே கரையைக் கடக்கும் என்றார்கள். சனிக்கிழமைக்குள் வானம் வெளுத்துவிடும் என்று வீடு நிம்மதியாக இருந்தது. செவ்வாயன்று அது கடலில் நின்றுவிட்டது. புதனன்று, புயலாக மாறாது, தாழ்வு மண்டலமாகவே கடக்கும் என்றார்கள். அன்று மாலையே, மாறும் என்றார்கள். பெனிஷா தன் போனில் காற்று வண்ண வண்ணமாகச் சுழலும் ஒரு படத்தை வைத்திருந்தாள். ஜெர்ரி வேறொரு படத்தை வைத்திருந்தான். ஒன்றில் புயல் சனிக்கிழமை சென்னைக்குப் போனது, மற்றதில் ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்தது. புயலை முன்னிட்டு இருவரும் தினமும் நீண்ட நேரம் பேசிக்கொண்டார்கள். அதில் புயலைப் பற்றிய பேச்சு எவ்வளவு என்பது வேறு விஷயம்.

வானிலைக்காரர்களைக் குறை சொல்லவும் இடமில்லை. நேற்று சொன்னது இன்று மாறினால் நேற்று பொய் சொன்னார்கள் என்று ஊர் பேசியது. நேற்று தெரிந்ததை நேற்று சொன்னார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியவனின் கஷ்டம் வேறு. அவனுக்குத் தேவை ஒரே ஒரு கிழமை.

புதன் இரவு காற்று கூடியது. வியாழன் காலையில் ஆறாம் எண்ணை ஏற்றச் சொல்லிச் செய்தி வந்தது. லூர்துநாதனும், உடன் வேலை செய்யும் கோவிந்தசாமியும் நனைந்துகொண்டே ஏற்றினார்கள். ஆறு என்றதும் காரைக்காலில் இருந்த மாப்பிள்ளை வீட்டு உறவினர்கள் கிளம்பவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சமையல் அமிர்தவல்லி, காய் வாங்கட்டுமா வேண்டாமா என்று ஆரோக்கியத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். ஆரோக்கியம் கணவருக்குப் போட்டாள். அவர், ஆறு ஏற்றியிருக்கிறோம் என்றார். அது எனக்கும் தெரியும் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் ஆறை இறக்கிவிட்டு ஐந்தை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்கள். நேரத்தோடு வேலை முடிந்து லூர்துநாதன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் முருங்கைக்காய்க் கட்டும் வெங்காய மூட்டையும் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஆரோக்கியம் புடவைகளை இஸ்திரிக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் முதன்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

"அமிர்தவல்லிய ஆரம்பிக்கச் சொல்லிட்டேங்க" என்றாள். "சம்மந்தியும் காரைக்காலுக்கு வண்டி அனுப்பிட்டாராம். காலையில எல்லாரும் வந்துடுவாங்க."

"யாரு சொன்னா வரச்சொல்லி?"

"டிவிலதான் போட்டாங்களே. ஆறு கொறைஞ்சி அஞ்சாயிடுச்சின்னு. நீங்கதானே எறக்குனீங்க?"

லூர்துநாதன் நனைந்த சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு விளக்கினார். ஒன்றும் இரண்டும் என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. மூன்றும் நான்கும் என்றால் துறைமுகத்திலேயே மோசமான காற்று வரும். அதற்கு மேல் ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஆபத்தில் ஒரே தட்டு. புயல் நமக்கு ஒரு பக்கமாகக் கடந்தால் ஐந்து, மறுபக்கமாகக் கடந்தால் ஆறு, நேராகத் தலைமேல் வந்தால் ஏழு. ஆறு ஐந்தானால் எதுவும் குறையவில்லை. தெற்கே போவதாக இருந்தது வடக்கே திரும்பியிருக்கிறது.

ஆரோக்கியம் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருஷமா கூண்டு ஏத்துறீங்க. கட்டுன பொண்டாட்டிக்கு இத ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"நீ கேக்கலியே."

"கேட்டா டிவியப் பாருன்னுதானே சொல்லுவீங்க. பாத்தேன். பாத்துட்டுத்தான் ரெண்டு மூட்ட வெங்காயம் வாங்குனேன்."

அவள் சொன்னது நியாயம். எண்ணைச் சரியாக ஏற்றியதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். அதைப் பார்க்கிறவர்கள் மளிகைக் கடை விலைப் பலகையைப் பார்ப்பதுபோல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு இவ்வளவு காலம் தோன்றவில்லை. சொந்த வீட்டிலேயே அப்படி.

சம்பந்தி அந்துவானுக்குப் போன் போட்டார். அந்துவானின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பெயரும் உரத்த குரலும் வந்தன. வண்டியைத் திருப்பிவிட முடியுமா என்று லூர்துநாதன் கேட்டார். வண்டி ஏற்கெனவே சிதம்பரம் தாண்டிப் போய்விட்டது என்றும், காரைக்காலில் எல்லாரும் பெட்டி கட்டிவிட்டார்கள் என்றும் சொன்ன அந்துவான், தெற்கே இனிப் புயல் இல்லையென்றால் வருகிற வழி நன்றாகத்தானே இருக்கும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். வழி நன்றாக இருக்கும். வந்து சேரும் இடம்தான் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. கோயிலுக்குப் பக்கம் என்பதால், காரைக்கால் வண்டி சிறியவரும் பெரியவருமாக லூர்துநாதன் வீடு நிறைய ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. துறைமுகத்தில் லூர்துநாதன் செய்திக்குக் காத்திருந்தார். நாளை நண்பகல் கடக்கும் என்று முதலில் வந்தது. பிறகு நாளை மாலை என்றார்கள். எங்கே என்று கேட்டால் மகாபலிபுரத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவில் என்றார்கள். அந்த நடுவில் புதுச்சேரியும் இருக்கிறது, இன்னும் பல ஊர்களும் இருக்கின்றன. கரைக்கு அருகில் வந்து வலு இழக்கவும் கூடும் என்று ஒரு வரி இருந்தது. கல்யாணப் பூசை நாளை காலை பத்து மணிக்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது நடந்தாலும் நடக்கும், நடக்காமல் போனாலும் போகும்.

"இன்னாய்யா பண்ணப்போற?" என்று கோவிந்தசாமி கேட்டார்.

லூர்துநாதன் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இன்னா பாக்குற? நாம ஏத்துனதுதானே அங்க இருக்கு. அதுவா உனக்குச் சொல்லப்போவுது?" என்றார் கோவிந்தசாமி. பிறகு, மாலை வேலையைத் தானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்வதாகவும், வீட்டுக்குப் போகுமாறும் சொன்னார்.

லூர்துநாதன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பங்குக் கோயிலுக்குப் போனார். கல்யாணத்தை இன்றைக்கே, மாலை நான்கு மணிக்கு வைக்க முடியுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார். ஓலை வாசித்தாகிவிட்டது, காகிதங்கள் தயார், மாப்பிள்ளையும் பெண்ணும் சம்மதித்தால் தனக்குத் தடையில்லை என்றார் அவர். ஆனால், இன்று வெள்ளிக்கிழமை என்று உன் வீட்டுக்காரிக்கு நீயே சொல்லிக்கொள் என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. ஆரோக்கியத்தின் பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், அதாவது கறி மீன் தொடமாட்டார்கள். தவக்காலத்தில் மட்டும் போதும் என்று மற்றவர்கள் தளர்த்திக்கொண்ட பிறகும் அவள் வருடம் முழுக்க விடவில்லை. உப்பளத்தில் பிரியாணி இல்லாத கிறிஸ்தவக் கல்யாணத்தை யாரும் பார்த்ததில்லை. அந்துவானோ, விருந்தைப் பற்றிக் காரைக்கால் வரை சொல்லி வைத்திருந்தார்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அந்துவானும் ஜெர்ரியும் காரைக்கால்காரர்களைப் பார்க்க வந்திருந்தார்கள். லூர்துநாதன் செருப்பைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மண்டபத்துக்கு நாளைக்குத்தானே சொல்லியிருக்கிறது, பூ நாளைக்குத்தானே வரும், கடலூர் மாமா நாளைக் காலையில்தானே வருவார். அந்துவான் கையைத் தூக்கி மற்றவர்களை அடக்கினார்.

"சம்மந்தி, உங்களத்தான் கேக்கணும். இதுல வேல பாக்குறவரு நீங்க. நாளைக்குப் புயலு வருதா, வரலியா? வருதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே நடத்திடுவோம்."

"எனக்குத் தெரியாது சம்மந்தி" என்றார் லூர்துநாதன். "தெரிஞ்சிருந்தா நாளைக்கே வெச்சுக்கலாம், இல்ல வேணாம்னு சொல்லியிருப்பேன். தெரியாததாலதான் இன்னிக்கின்னு சொல்றேன். எல்லாரும் இங்க இருக்கீங்க. கோயிலு இருக்குது. நாளைக்கி எது இருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அந்துவான் மகனைப் பார்த்தார். ஜெர்ரி பெனிஷாவைப் பார்த்தான். அவள் அறைக் கதவருகே தலையில் எண்ணெயோடு நின்றிருந்தாள்.

"எனக்கு இன்னிக்கே சரிப்பா" என்றாள். "மணி இப்பவே ஒண்ணாவுது. நான் தலைக்குக் குளிக்கணும். நீங்க பேசிக்கிட்டே இருங்க."

ஆரோக்கியம் மட்டும் பாக்கி. அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள். கல்யாணம் நடக்கட்டும், இன்று கறி கிடையாது, பிரியாணி நாளைக்கு. ஆட்டுக்காரனிடம் சொன்னது நாளைக்குத்தான், ஆடு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்துவான் முனகினார். எங்கள் வம்சத்தில் சாம்பார் ஊற்றிக் கல்யாணம் செய்தவன் எவனும் இல்லை என்றார். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஓலைக்கொட்டகை போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அமிர்தவல்லியைக் கேட்டதற்கு, அவள் கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "சாம்பாரு, வடை, பாயசம்னா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிக் குடுத்துடுவேங்க. ஆனா வந்தவங்க கல்யாணம்னு நம்பமாட்டாங்க. யாருக்குக் கருமாதின்னு கேப்பாங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அதோடு முடிவாகிவிட்டது.

அழைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தார்கள். பூக்கடையில் கிடைத்த சம்பங்கியைக் கொண்டு பீடத்தை ஒப்பேற்றினார்கள். கல்யாண மாலை வராததால் காரைக்கால் பெண்கள் இருவர் உட்கார்ந்து கட்டினார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. பூசை நடக்கும்போது மழை ஓட்டில் அடித்த சத்தத்தில் சாமியாரின் பிரசங்கம் பாதி கேட்கவில்லை. அதைப் பெரிய இழப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஜெர்ரி தாலி கட்டியபோது லூர்துநாதனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. வெளியே வந்து பார்த்தபோது கோவிந்தசாமி ஒரு வரி அனுப்பியிருந்தார்: ஏழு ஏற்றியாயிற்று.

ஏழு என்றால் என்ன என்று இப்போது ஆரோக்கியத்துக்குத் தெரியும். அவரிடம் கேட்காமலே அவள் எல்லாரையும் வேகமாகச் சாப்பிட வைத்தாள். இருட்டுவதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் வில்லியனூருக்குப் புறப்பட்டார்கள். சாம்பார் நன்றாக இருந்தது என்று அந்துவான் போகும்போது ஒப்புக்கொண்டார். வடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது.

லேசான வெயில்தான், ஆனாலும் வெயில். காற்று நின்றிருந்தது. சரியாகப் பூசை தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் உப்பளத்துத் தெருக்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மண்டபம் காய்ந்து கிடந்தது. கடலூர் மாமா பட்டுவேட்டியில் வந்து இறங்கி, நேற்றே முடிந்துவிட்டது என்று கேட்டு, கோபித்துக்கொண்டு, பிரியாணிக்காக மட்டும் உட்கார்ந்தார். துறைமுகத்தில் இருந்த லூர்துநாதனுக்கு அந்துவான் போன் செய்தார்.

"சம்மந்தி, கொஞ்சம் வெளிய வந்து வானத்தப் பாருங்க. கண்ணு கூசுது."

"ஆமா சம்மந்தி. நல்ல வெயிலு."

"இன்னிக்கே வெச்சிருக்கலாம்ல?"

"வெச்சிருக்கலாம்" என்றார் லூர்துநாதன்.

அதில் வருத்தம் இல்லை. அந்துவானுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பிரியாணியை வில்லியனூருக்கு எப்படி அனுப்பப்போகிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார்.

பிற்பகலில் வடகிழக்கே வானம் கறுத்தது. மாலையில் காற்று வந்தது. இருட்டும் வேளையில் புயல் ஊருக்கு மிக அருகில் கரையைக் கடந்து, பிறகும் நகராமல் நின்று, மறுநாள் காலை வரை கொட்டியது. மண்டபத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. காலையில் கல்யாணம் நடந்திருந்தால், மண்டபத்தில் விருந்து முடிந்து எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்களா, வழியில் மாட்டியிருப்பார்களா என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆகவே லூர்துநாதன் சரியாகக் கணித்தார் என்று எழுத வழியில்லை. அவர் கணிக்கவே இல்லை. கூண்டைத் தப்பாகப் படித்ததால்தான் காரைக்கால் உறவினர்கள் நேரத்தோடு வந்தார்கள், காய்கறியும் வந்தது. அதற்காக அப்படிப் படித்தது சரியென்றும் ஆகிவிடாது. வெள்ளி பிற்பகலில் கையில் இருந்தது எது என்று அவர் பார்த்தார், அதை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரைப் புகழ ஒன்றுமில்லை. அதுவே எல்லாராலும் முடிகிற காரியமும் இல்லை.

ஞாயிறு பகலில் காற்று அடங்கிய பிறகு அவர் வீடு திரும்பினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துதான் வர முடிந்தது. பேருந்து ஓடாததால் காரைக்கால் உறவினர் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். கடலூர் மாமாவும் இருந்தார். முந்தின இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிச்சப் பிரியாணியைச் சூடுபண்ணித் தின்றதில் கோபம் போயிருந்தது. யாரோ லூர்துநாதனின் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று பெனிஷா இரண்டு தடவை கேட்டுவிட்டாள் என்று ஆரோக்கியம் சொல்லி, போனைக் கொடுத்தாள்.

"வில்லியனூர்ல ஆறு ரோட்டு மேல போவுதுப்பா. ஒரு வாரத்துக்கு வராதீங்க. நாங்க நல்லாருக்கோம்" என்றாள் மகள். பின்னால் அந்துவானின் குரலும் பலர் சிரிப்பதும் கேட்டது. என்ன சிரிப்பு என்று அவர் கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

அவர் உலர்ந்த துண்டொன்றைத் தேடி எடுத்துத் தலையைத் துவட்டினார். படுக்க இடம் இல்லை. கூடத்தின் நடுவில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து சுவரோரம் இடம் விட்டார்கள். அங்கே அவர் ஒருக்களித்துப் படுத்து, அவர்கள் போடும் சத்தத்துக்கு நடுவிலேயே தூங்கிப்போனார்.